அண்ணாச்சி பேசாமல் நின்ற ஐந்து நொடிகள்

மாலை நான்கரை மணி இருக்கும். மில்லர்புரத்தில் ஒரு பலசரக்குக் கடை. பெருங்காயமும் புதுச் சாக்கும் கலந்த வாசனை. கடைக்காரர் சண்முகவேல் அண்ணாச்சி இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்பவரைப் போல விறைத்து நின்றார். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்திருந்தார்.

சாமான் வாங்க வந்த மூன்று பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு அடியிலிருந்து அவருடைய மகள் செல்வியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது.

"செல்வி, வெளிய வா" என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். ஒருமுறைதான் சொல்ல வேண்டும். பிறகு மனத்துக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இது நான் அவருக்குக் கொடுத்திருந்த பாடம். அரிசி மூட்டை ஒன்றின்மேல் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, அவர் தேர்ச்சி பெறுகிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு எண்ணி முடித்திருப்பார்.

"தாயி, வெளிய வாரியா? பிஸ்கட்டு வேணுமா? முறுக்கு வேணுமா? வேண்டாமா? சரி, அங்கனயே இருக்கியா? இருந்துக்கோ, இருந்துக்கோ."

துவரம்பருப்பு கேட்டு நின்ற பெண்மணி நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். "அப்பாடா. அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிட்டுன்னுல்லா பயந்துட்டேன்."

நான் நோட்டைத் திறந்து, அன்றைய பதினொன்றாவது தோல்வியைத் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன்.

செய்தி வாசித்த அக்கா

இந்தத் தொடரில் இதுவரை நூலகத்தையும் விடுதியையும் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். முதுகலைத் தமிழ் படிக்கும் ஒருத்திக்குப் பலசரக்குக் கடையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் துறைப் பேராசிரியரும் கேட்டார்.

நடத்தைச் சிக்கல் உள்ள சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் சிறிய மையம் ஒன்று எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தது. அதை நடத்திய எஸ்தர் அக்கா, பெற்றோருக்குக் கொடுக்கும் குறிப்புகளைத் தெளிவான தமிழில் எழுதித்தர ஆள் தேடினார். மாலையில் இரண்டு மணி நேரம் எழுதினால் போதும், யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன். இரண்டாவது வாரத்தில் உதவியாளர் ஒருவர் திருமணமாகிப் போய்விட, என்னைக் குழந்தைகள் இருந்த அறைக்குள் அனுப்பிவிட்டார்.

அங்கே எனக்கு முதலில் ஒப்படைக்கப்பட்டவள் செல்வி. அவள் சன்னல் திண்டின்மேல் ஏறி நின்றிருந்தாள். நான் வாசலிலேயே நின்று, என்னால் இயன்ற அளவு இனிமையாகச் சொன்னேன்:

"செல்வி, அந்த நாற்காலியில் சற்று அமர்கிறாயா?"

அவள் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்தாள். பிறகு உள்ளறையை நோக்கிக் குரல் கொடுத்தாள். "எஸ்தரக்கா, இந்தக்கா நியூஸ் வாசிக்காவ!"

அன்று மாலை எஸ்தர் அக்கா என்னை உட்காரவைத்துச் சில விதிகளைச் சொன்னார். எட்டி நின்று சொல்லக் கூடாது, பக்கத்தில் போய்க் குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். விருப்பம் கேட்பதாக இருந்தால் மட்டும் கேள்வி. செய்தே ஆக வேண்டியதைக் கேள்வியாகக் கேட்டு ஏமாற்றக் கூடாது. சொன்ன பிறகு ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருக்க வேண்டும். செய்துவிட்டால், எதைச் செய்தாளோ அதைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

"அவ ஒண்ணும் கெட்ட பிள்ளை இல்ல," என்றார் அக்கா. "பெரியவங்க சொல்லுததுல எது நெசமாச் சொல்லுதது, எது சும்மாச் சொல்லுததுன்னு அவளுக்குப் பிடிபடல. நம்மளும் சும்மாச் சொல்லுததுதான் நெறைய."

மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்த கோப்பில் இதே செய்தி நான்கு பக்கங்களுக்கு இருந்தது. அவற்றை நான் தமிழாக்கம் செய்திருந்தேன். அக்காவின் வாக்கியமே மேல்.

ஒரே ஒரு சொல்

செல்வி படித்த பள்ளியின் வாசல், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் போகும் சாலையில் திறந்தது. அந்தப் பருவத்தில் அவள் இரண்டு முறை வாசலைத் தாண்டி ஓடியிருந்தாள். இரண்டாவது முறை ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நடுச்சாலையில் நிறுத்தி, இறங்கி, அவளைத் தூக்கிக்கொண்டுவந்து பள்ளியில் விட்டார். விட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாராம்.

தலைமையாசிரியை அண்ணாச்சியை அழைத்துச் சொல்லிவிட்டார். காலாண்டு விடுமுறை முடியும் சனிக்கிழமை குழந்தையை அழைத்துவர வேண்டும். மைதானத்தில் ஓடவிட்டு, தலைமையாசிரியையே 'நில்லு' என்பார். நின்றால் பள்ளியில் இருக்கலாம். நிற்காவிட்டால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம். "மத்தது எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம். இந்த ஒரு சொல்லு மட்டும் அவ கேக்கணும்."

வேறு இரண்டு பள்ளிகள் கோப்பைப் பார்த்ததுமே இடமில்லை என்று சொல்லியிருந்தன. செல்வியின் தாய் இரண்டாவது பிரசவத்துக்காகச் சாத்தான்குளத்தில் தம் பிறந்த வீட்டில் இருந்தார். அவருக்கு இதெல்லாம் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அண்ணாச்சி முடிவுசெய்திருந்தார். ஆக, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போவதா, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதா என்பதற்கு மூன்று வாரங்களும், ஓர் அண்ணாச்சியும், நானும்தான் இருந்தோம்.

சொன்னதைக் கேட்ட பிள்ளை

இங்கே என்னைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஏழு வயதிருக்கும். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் அம்மா என்னை ஒரு வளையல் கடையின் முன்னால் நிறுத்தினார். "இங்கனயே நில்லு. அசையாத." பிறகு தம்பியை ராட்டினத்துக்கு அழைத்துப் போனார். ராட்டினத்தில் தம்பி வாந்தியெடுத்தான். அவன் மேலும் வாந்தியெடுக்கவே, அந்தக் கலவரத்தில் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் நின்றேன். வளையல் கடைக்காரர் ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார். அம்மா சொன்னதில் உட்காருவது இல்லை என்பதால் மறுத்துவிட்டேன். அவர் இரக்கப்பட்டுக் குச்சி ஐஸ் ஒன்று வாங்கித் தந்தார். அம்மா சொன்னதில் தின்பதும் இல்லை. அது என் கையிலேயே உருகி முழங்கை வழியாக ஒழுகியது. சட்டைக் கையில் ஒட்டிய அந்த இளஞ்சிவப்புப் பிசுபிசுப்பு இப்போதும் தோலில் நினைவிருக்கிறது. அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இப்ப அசையலாமா?"

எங்கள் வீட்டில் இது பல வருடங்களாகப் பெருமைக் கதை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காப்பியோடு இதுவும் உண்டு. எஸ்தர் அக்காவிடம் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"ஒனக்கும் அப்பவே யாராவது பயிற்சி குடுத்திருக்கணும்," என்றார்.

வேறு என்ன வேண்டும்?

மையத்தின் அறைக்குள் செல்வி நான்கைந்து நாளில் ஓரளவு தேறிவிட்டாள். நானும் செய்தி வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். கடினமான ஒன்றைச் சொல்வதற்கு முன், அவள் விரும்பிச் செய்யும் எளியவை மூன்றை அடுத்தடுத்துச் சொல்வது எங்கள் வழக்கம். கையைத் தட்டு, மூக்கைத் தொடு, நாக்கை நீட்டு. அந்த ஓட்டத்திலேயே நான்காவதாக, பென்சிலை எடுத்து வை. நான்காவதையும் செய்துவிடுவாள்.

ஆனால் வீட்டிலும் கடையிலும் நடக்காவிட்டால் அறைக்குள் நடப்பது எதற்கும் உதவாது என்று அக்கா என்னைக் கடைக்கு அனுப்பினார். அங்கேதான் தெரிந்தது, பயிற்சி தேவைப்படுபவர் மேசைக்கு அடியில் இல்லை, மேசைக்கு மேலே இருக்கிறார் என்று.

அண்ணாச்சி பதினான்கு வயதிலிருந்து கடையில் நிற்பவர். மற்றவர்கள் சொல்லச் சொல்ல எடுத்துக்கொடுத்தே வளர்ந்தவர். தம் வாழ்நாளில் அவர் யாருக்கும் எதையும் கட்டளையிட்டதில்லை. எதைச் சொன்னாலும் அதைக் கேள்வியாகவே சொல்வார், அந்தக் கேள்விக்குள் குறைந்தது மூன்று சாமான் இருக்கும்.

"அஞ்சு எண்ணுறது அவ்வளவு கஷ்டமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கஷ்டம்தான் சின்ன டீச்சர்," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "கடையில ஒரு ஆளு பேசாம நிக்காம்னா, பக்கத்துக் கடைக்குப் போவப் போறான்னு அர்த்தம். ஒடனே நம்ம ஏதாவது கேட்டுரணும். பிள்ளை பேசாம நின்னாலும் எனக்கு அப்படித்தான் பதறுது."

வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர் ஒருமுறை சொன்னதை அவர்கள் ஆளுக்கொருமுறை திருப்பிச் சொன்னார்கள். "ஏளா, அப்பா சொல்லுதாவல்லா, வெளிய வாளா!" "வரலன்னா ஊசி போடுத டாக்டருகிட்ட சொல்லிருவேன்." "பாவம், சின்னப் பிள்ளை, விடுங்க அண்ணாச்சி." ஒரு வேண்டுகோள், ஒரு மிரட்டல், ஒரு மன்னிப்பு, எல்லாம் ஐந்து நொடிக்குள். மேசைக்கு அடியில் இருந்த குழந்தை இவற்றில் எதைக் கேட்கும்?

பாராட்டுவது மட்டும் அவருக்கு உடனே கைவந்துவிட்டது. அதுவும் அளவுக்கு மீறி. செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேனா, எல்லாரையும் பாராட்டத் தொடங்கினார். "அக்கா, பையைக் கையோட கொண்டாந்துட்டிய. ரொம்ப நல்லாருக்கு." சர்க்கரை மூட்டையை இறக்கிய லோடுமேனிடம், "மூட்டைய மெதுவா வச்சிட்டப்பா. ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

லோடுமேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

தராசு

இரண்டாவது வாரத்தின் நடுவில், மூட்டைமேல் உட்கார்ந்து மனம் சோர்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அண்ணாச்சி நாள் முழுவதும் பேசினார். ஒரே ஒரு வேளையில் மட்டும் பேசுவதில்லை. மின் தராசில் சாமானை வைத்ததும், எண்கள் மேலும் கீழும் துள்ளி ஓரிடத்தில் நிற்கும்வரை, வாயை இறுக மூடிக்கொண்டு பார்ப்பார். யார் என்ன கேட்டாலும் பதில் வராது. தட்டைத் தொடமாட்டார். நின்ற பிறகுதான் அடுத்த சொல்.

"ஏன் அண்ணாச்சி, தட்டில் வைத்ததுமே எடுத்துவிடலாமே?"

"அதெப்படி? எட தப்பா காட்டும். அது நிக்கணும்லா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு செகண்டு..." என்றவர் அப்படியே நிறுத்தினார். மேசைக்கு அடியில் பார்த்தார். தராசைப் பார்த்தார். மறுபடியும் மேசைக்கு அடியில் பார்த்தார்.

பிறகு குனிந்து, முழங்காலிட்டு, "செல்வி, வெளிய வா" என்றார்.

உதடுகளைக் கடிக்கவில்லை. கைகளை ஒட்டவைத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாக நிறைபார்க்கும் முகத்தோடு, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் யாரோ, "ஏளா, அப்பா..." என்று தொடங்கினார்கள். அண்ணாச்சி திரும்பாமலேயே கையை உயர்த்தித் தடுத்தார். எடை பார்க்கும்போது குறுக்கே பேசுபவர்களைத் தடுக்கும் அதே கை.

செல்வி வெளியே வந்தாள். தலைமுடி முழுக்கக் கோதுமைத் தவிடு.

"கூப்பிட்ட ஒடனே வந்துட்டா!" என்று சொல்லி அண்ணாச்சி அவள் தலையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். நான் நோட்டில் எழுதுவதற்குக் குனிந்துகொண்டேன். நான் அழுவதை யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

கடலைமிட்டாய்

வெற்றி நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் நான் கடைக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். எதிரே ஸ்டூலின்மேல் செல்வி நின்றாள்.

"அப்பா, கையத் தட்டு."

தட்டினார்.

"அப்பா, மூக்கத் தொடு."

தொட்டார்.

"அப்பா, கடலமிட்டாய் எடு."

எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்தது. புட்டியின் மூடி ஒரு கையிலும் மிட்டாய் மறுகையிலுமாக என்னைப் பார்த்தார்.

"சொன்ன ஒடனே எடுத்துட்டாவ," என்று செல்வி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "ரொம்ப நல்லாருக்கு."

இதை எஸ்தர் அக்காவிடம் புகாராகச் சொன்னேன். "பிள்ளை பாடத்தை முழுசாப் படிச்சிட்டா," என்று அவர் மகிழ்ந்தார். மிட்டாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சியிருந்த நாள்களில் கடைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் 'நில்லு' மட்டும் பழகினோம். உப்பளத்துப் பக்கமிருந்து வரும் காற்று உதட்டில் கரிக்கும். முதலில் நடந்து நிற்பது, பிறகு வேகமாக நடந்து நிற்பது, கடைசியில் ஓடி நிற்பது. அப்பாவும் கூடவே ஓடி நிற்க வேண்டும் என்பது செல்வியின் நிபந்தனை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி ஓடுவார். சொல் கேட்ட நொடியில் ஒரு காலைத் தூக்கியபடியே சிலையாவார். அவரைப் பார்த்து அவளும் ஒற்றைக்காலில் நிற்பாள்.

எங்கள் இருவருக்கும் நின்றாள். வேறு யார் சொல்லியும் அவள் நின்றதில்லை. சோதனை செய்யப்போவதோ தலைமையாசிரியை.

சனிக்கிழமை

பத்து மணிக்கே வெயில் கடுமை. பள்ளி மைதானத்தில் ஒரு வேப்பமரம், ஒரு கொடிக்கம்பம். சாலைப் பக்கத்து வாசலைப் பூட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் லாரிகளின் இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்டது.

தலைமையாசிரியை வராந்தாவில் நின்றார். உயரமான, நேர்த்தியான பெண்மணி. செல்வியை ஓடிவிளையாடச் சொன்னார். அவள் மரத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியதும் வராந்தாவிலிருந்தே உரக்க அழைத்தார்:

"செல்வி, நில்லு! ஏய், ஓடாதே, நில்லு, இங்க வா, செருப்பு எங்கே, விழுந்துருவே, சொல்றது கேக்குதா இல்லையா?"

செல்வி இன்னும் வேகமாக ஓடினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ துரத்திப் பிடிக்கும் விளையாட்டுக்கு வருகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா?" என்று தலைமையாசிரியை எங்களிடம் திரும்பினார். கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது. "எனக்கு மட்டும் பிள்ளைய அனுப்பணும்னு ஆசையா? அந்த லாரிக்காரர் அழுதது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. நீங்க உள்ள வாங்க, சர்டிபிகேட் எழுதித் தாரேன்."

நான் பேச வேண்டிய இடம் அது. மூன்று வாரக் குறிப்புகள் கையில் இருந்தன. முதல் வாக்கியத்தைக்கூட மனத்துக்குள் அமைத்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியையின் முன்னால் எனக்கு மறுபடியும் ஏழு வயதாகியிருந்தது.

அண்ணாச்சி நகர்ந்தார். கையிலிருந்த குடையோடு வராந்தாப் படியருகே போய் நின்று, கடையில் பேசும் அதே பணிவான குரலில் சொன்னார்:

"பெரிய டீச்சர், இப்படி மரத்து நெழலுக்கு வாங்க."

அவர் ஏனென்று தெரியாமலேயே இறங்கி வந்தார்.

"இந்தக் குடையப் பிடிங்க."

பிடித்தார்.

"மணி என்னன்னு பாருங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து பத்து."

என் நோட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

"இப்ப செல்வி பக்கத்துல போயி, ஒரே ஒரு தடவ 'நில்லு'ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, அஞ்சு எண்ணுத வரைக்கும் பேசக் கூடாது."

நான்காவதும் நடந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களுக்குச் சொல்லியே பழகிய அந்த அம்மையார், மடக்கிய குடையை ஏந்தியபடி மரத்தை இன்னும் நெருங்கி நடந்தார். குழந்தை சுற்றிவரும் பாதையின் ஓரத்தில் குனிந்தார்.

"செல்வி, நில்லு."

ஒன்று. அவள் அவரைக் கடந்து ஓடினாள்.

இரண்டு. தலைமையாசிரியையின் உதடுகள் துடித்தன. எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

மூன்று. அண்ணாச்சி தராசைப் பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கில் செல்வியின் ஓட்டம் தளர்ந்தது. இன்னும் ஓர் அடி வைத்தாள். பிறகு ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு, இரு கைகளையும் விரித்து நின்றாள். மைதானத்தில் வேப்பிலைகள் மட்டும் அசைந்தன.

"சொன்ன ஒடனே நின்னுட்டா!" அண்ணாச்சி ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டார். அதே மூச்சில் தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினார். "நீங்களும் அஞ்சு வரைக்கும் பேசாம இருந்திய பெரிய டீச்சர். ரொம்ப நல்லாருக்கு!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது.

தலைமையாசிரியையின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கடைசியாக, கையிலிருந்ததை நீட்டினார்.

"குடையை வாங்கிக்கிடுங்க."

சொல்லிவிட்டு, மற்றொரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மூன்றாவது விரலில் அண்ணாச்சி வாங்கிக்கொண்டார்.

"ஒடனே வாங்கிட்டீங்க. நல்லது," என்றார் தலைமையாசிரியை. "திங்கக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வாங்க."

அண்ணாச்சியின் தோளில் இருந்த செல்விதான் பதில் சொன்னாள்.

"திங்கக்கிழம வரமாட்டேன்."

மூவரும் அவளைப் பார்த்தோம்.

"நாளைக்கே வாரேன்."

நாளை ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லத் தலைமையாசிரியை வாயைத் திறந்தார். பிறகு, சொல்லாமலேயே மூடிக்கொண்டார்.